வகுப்பெடுக்க வந்த புதியவருக்கு வகுப்பெடுக்கச் சொல்லித்தருவது யார்?

பனங்காட்டுப் பொருளியல் (இழையைத் தொடங்கியவர்)

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துக் கல்லூரிகளில் வேலை பார்க்கிற தமிழர்கள் இந்தக் குழுவில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். தேவிகுளம், குப்பம் ஆட்களும் உண்டு. உங்கள் எல்லோரிடமும் ஒரு விஷயம் கேட்க வேண்டும்.

ஆறாம் வகுப்புக்குப் பாடம் எடுக்க பி.எட். போன்ற ஆசிரியர் பயிற்சிப் படிப்பு வேண்டும். அதில் பயிற்சி வகுப்பு உண்டு, ஒருவர் பின்னால் உட்கார்ந்து குறிப்பெழுதுவார், திருத்துவார். கல்லூரியில் அந்த வழக்கமே இல்லை. நெட் தகுதித் தேர்வு, பிஎச்டி, நேர்முகம், அவ்வளவுதான். இன்று சேர்ந்தால் நாளை டைம்டேபிளைக் கையில் கொடுத்து வகுப்புக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2018 விதிமுறைகளில் இதற்கு வழி இருக்கிறது. புதிதாகச் சேரும் உதவிப் பேராசிரியருக்கு ஒரு மாத அறிமுகப் பயிற்சி, அதாவது இன்டக்‌ஷன் தர வேண்டும். முடிந்தவரை வகுப்பெடுக்கத் தொடங்கும் முன்பே, எப்படியும் ஓராண்டுக்குள். எங்கள் பக்கம் முதல் பாதியை யாரும் கண்டுகொள்வதில்லை.

அந்த ஒரு மாதத்தை நான் ஆன்லைனில் முடித்தேன். ப்ளூமின் வகைப்பாடு (கற்றலைப் படிநிலைகளாகப் பிரிப்பது), கோர்ஸ் அவுட்கம் (தாள் முடிவில் பிள்ளைகள் கற்றிருக்க வேண்டியவை), வினாத்தாள் அமைப்பு எல்லாம் கேட்டேன். உபயோகமில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மாதம் முழுக்க நான் வகுப்பெடுப்பதை ஒருவர்கூடப் பார்க்கவில்லை.

என் வகுப்பில் பத்தாவது வரை தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். மலையாள வழி, ஆங்கில வழிப் பிள்ளைகளும் அதே பெஞ்சுகளில். 2024 ஜூலையில் கேரளாவில் நான்காண்டுப் பட்டப்படிப்பு வந்த பிறகு காலிக்கட் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் ஒவ்வொரு தாளுக்கும் ஐந்தாவது மாட்யூல் (பாடப்பகுதி) திறந்த மாட்யூல். அதில் என்ன நடத்துவது என்று ஆசிரியரே வகுக்க வேண்டும், கல்லூரிக்குள்ளேயே மதிப்பிட வேண்டும். எனக்கு இது பிடித்திருக்கிறது, நல்ல ஏற்பாடு. ஆனால் பாடத்தை எப்படி வகுப்பது என்று புதியவருக்கு யார் காட்டித்தருகிறார்கள்?

அப்புறம் மென்டரிங். சேர்ந்த முதல் வருடமே டியூட்டர் பொறுப்பு, ‘வாக் வித் எ ஸ்காலர்’ என்ற மாணவர் வழிகாட்டல் திட்டத்தின் பொறுப்பு. பிள்ளைகளுக்கு வழிகாட்ட என்னை உட்கார வைத்திருக்கிறார்கள், எனக்கு அப்படி ஒருவர் இல்லை. உங்கள் இடங்களில் என்ன நடக்கிறது? சுற்றறிக்கையில் இருப்பதை விடுங்கள், நடப்பதைச் சொல்லுங்கள்.

வாளையார் மெக்கானிக்கல்

இன்ஜினியரிங் பக்கம் கொஞ்சம் முறைப்படுத்தியிருக்கிறார்கள். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏ.ஐ.சி.டி.இ.) புதிய ஆசிரியர்களுக்கு எட்டு மாட்யூல் வைத்திருக்கிறது. ஆன்லைனில் படித்துத் தேர்வெழுத வேண்டும். அதோடு ஒரு மென்டரின் கீழ் பாடம் நடத்திப் பழகும் கட்டமும் உண்டு. மாட்யூல்களை எல்லோரும் ஒழுங்காக முடிக்கிறார்கள். மென்டர் கட்டம் பல இடங்களில் கையெழுத்தோடு நின்றுவிடுகிறது. என்னைக் கேட்டால் பணமும் உழைப்பும் போக வேண்டிய இடம் அந்த இரண்டாவது கட்டம்தான்.

ஓய்வுபெற்ற இயற்பியல்

பயிற்சிகளை மொத்தமாகத் தள்ளிவிடாதீர்கள் மகளே.

1986 கல்விக் கொள்கையை ஒட்டி 1987இல் கல்லூரி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ்கள் வந்தன. பின்னால் எச்.ஆர்.டி.சி. (மனிதவள மேம்பாட்டு மையம்) என்று பெயர் மாறியது. 2023 செப்டம்பர் 5 அன்று மாளவியா மிஷன் தொடங்கிய பின் மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையங்கள் ஆயின. எங்கள் காலத்தில் ஒரியன்டேஷன் என்றால் நான்கு வாரம், ஹாஸ்டலில் தங்கிப் படிக்க வேண்டும். காலை விரிவுரைகளில் பாதி இன்று நினைவில்லை. ஆனால் மைக்ரோ டீச்சிங் இருந்தது. ஒவ்வொருவரும் பத்து நிமிடம் பாடம் எடுக்க வேண்டும், கேட்பவர்கள் வேறு துறைக்காரர்கள்.

நான் நிலைமத்தை விளக்கினேன். சமஸ்கிருத ஆசிரியை ஒருவர் எழுந்து, “சார், நீங்கள் கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் பேச்சை நிறுத்துவதில்லை. நான் எழுதுவதா, கேட்பதா?” என்று கேட்டார். அத்தனை வருடம் என்னிடம் படித்த எந்த மாணவரும் இதை என்னிடம் சொன்னதில்லை, சொல்லவும் முடியாது. அன்றிலிருந்து பலகையில் எழுதி முடித்துத் திரும்பி நின்ற பிறகுதான் பேசுவேன்.

இரவு ஹாஸ்டல் வராந்தாவில் பேசியவை வேறு. எந்தப் பாடத்தில் பிள்ளைகள் விழுகிறார்கள், காப்பி அடித்தால் என்ன செய்வது, துறைத்தலைவரோடு ஒத்துப்போகவில்லை என்றால் என்ன வழி, எல்லாம் அங்கேதான். ஆன்லைனுக்கு மாற்றியபோது செலவு குறைந்தது, வராந்தா போய்விட்டது. புதியவர்களுக்கு நேரில் தங்கிப் படிக்கும் பயிற்சி மறுபடி வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும்.

மணிநேர ஆசிரியை

எல்லோரும் பேசுவது நிரந்தர வேலைக்காரர்களைப் பற்றி. நான் கெஸ்ட் லெக்சரர். கல்லூரிக் கல்வித் துணை இயக்குநர் அலுவலகத்தில் பதிவு செய்து, வருடா வருடம் நேர்முகத்துக்குப் போய், கிடைத்த கல்லூரியில் எடுத்த மணிக்குச் சம்பளம் வாங்குகிறவள். போன வருடம் எடுத்த தாள் இந்த வருடம் கிடைக்காது. மார்ச்சில் பிரிந்தால் ஜூனில் எந்த ஊர் என்று தெரியாது. எங்களில் பலருக்கு முதல் வகுப்பு என்பது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான்.

புதிய நிரந்தர ஆசிரியர்களுக்காகக் கேரளக் கல்லூரிக் கல்வித்துறை ‘ஃப்ளெயர்’ என்று பயிற்சி நடத்துகிறது. நல்ல பயிற்சி என்று போனவர்கள் சொல்கிறார்கள். எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறவர் போய் வந்தார். நாங்கள் இருவரும் எடுப்பது ஒரே வகுப்பு, அதே பிள்ளைகள். அவர்களுக்கு நான் கெஸ்ட் என்பதெல்லாம் தெரியாது, ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

எந்த ஏற்பாடு செய்தாலும் எங்களையும் சேர்த்துச் செய்யுங்கள். காசு கேட்கவில்லை. என் வகுப்பையும் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

மலைநாட்டு வரலாறு

தேவிகுளம் பக்கமிருந்து எழுதுகிறேன். எங்கள் கல்லூரியில் நானும் கணிதத் துறைத் தோழர் ஒருவரும் மாறி மாறி மற்றவர் வகுப்பில் உட்காருகிறோம். உத்தரவு ஏதும் இல்லை, நாங்களாகச் செய்வது. முறையைச் சொல்கிறேன், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

முந்தின நாள் டீக்கடையில் பத்து நிமிடம் பேசுவோம். எதைப் பார்க்க வேண்டும் என்று வகுப்பெடுப்பவர்தான் சொல்வார். அதை மட்டும் பார்ப்போம். குரல், சட்டை, பலகை எழுத்து என்று கண்டதைப் பற்றியும் கருத்துச் சொல்வது கிடையாது.

ஒரு தடவை அவர், “நான் கேள்வி கேட்டால் யார் பதில் சொல்கிறார்கள் என்று பார்” என்றார். தாளில் பெஞ்சு பெஞ்சாகக் கட்டம் போட்டுக்கொண்டேன். யாராவது வாய் திறந்தால் அந்த இடத்தில் ஒரு கோடு, பெயர் எழுதுவதில்லை. மணி அடித்தபோது நடுவரிசை முழுக்கக் கோடு. சன்னல் ஓரத்துக் கடைசி இரண்டு பெஞ்சுகளில் ஒன்றுகூட இல்லை. அங்கே உட்காருகிறவர்கள் எஸ்டேட் தொழிலாளர் லயங்களிலிருந்து வரும் பிள்ளைகள், பத்தாவது வரை தமிழ் வழி. தோழர் பிரமாதமான ஆசிரியர், பிள்ளைகளுக்கு அவர்மேல் உயிர். அப்படிப்பட்டவர் வகுப்பிலேயே இது நடக்கிறது என்றால் நின்று பேசுகிறவர் கண்ணுக்கு இது தெரிய வழியே இல்லை என்று அர்த்தம். பேசுகிறவர்கள் பக்கம்தான் கண் போகும்.

தாளின் ஓரத்தில் இன்னொன்றும் குறித்திருந்தேன். கேள்வி முடிந்ததற்கும் அடுத்த பேச்சுக்கும் நடுவே எவ்வளவு நேரம் என்று. பெரும்பாலும் ஒரு நொடி. அதற்குள் நடுவரிசை பதில் சொல்லிவிடும், இல்லாவிட்டால் அவரே சொல்லிவிடுவார். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் இதையே அளந்து எழுதியிருக்கிறார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள், அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டினால் பதில்கள் நீளமாகின்றன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசுகிறார்கள் என்று. ஒரே மொழியில் படிக்கும் பிள்ளைகளுக்கே அப்படி. தமிழில் யோசித்து மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ பதில் சொல்ல வேண்டிய பிள்ளைக்கு ஒரு நொடி எந்த மூலைக்கு?

இப்போது தோழர் கேள்வி கேட்டவுடன் யாரையும் பேச விடுவதில்லை. எந்த மொழியிலானாலும் நோட்டில் இரண்டு வரி எழுதச் சொல்கிறார், பக்கத்தில் இருப்பவரிடம் பேசச் சொல்கிறார், பிறகுதான் கை தூக்க வேண்டும். கொஞ்ச நாள் கழித்து மறுபடி போய் அதே மாதிரி கட்டம் போட்டேன். சன்னல் ஓரத்தில் கோடுகள் விழுந்தன. எல்லோரும் பேசவில்லை. ஒரு பையனும் இரண்டு பெண்களும். அந்தப் பையன் கேட்டது அந்த மணிநேரத்திலேயே நல்ல கேள்வி.

ஒதுங்கி நிற்பவன்

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எல்லா இடத்திலும் இப்படி நடக்காது.

நான் முன்பு இருந்த ஒரு கல்லூரியில் வகுப்புப் பார்வை என்ற பெயரில் ஒன்று தொடங்கினார்கள். மூத்தவர் வந்து உட்கார்ந்தார், படிவம் நிரப்பினார், படிவம் நேராக முதல்வர் மேசைக்குப் போனது. ப்ரொபேஷனில் (தகுதிகாண் காலத்தில்) இருந்தவர்களை மட்டும் பார்த்தார்கள், மூத்தவர்கள் வகுப்பில் யாரும் நுழையவில்லை. அந்தப் படிவத்தில் இருந்த ஒரு வரி பின்னால் ஒருவரின் கன்ஃபர்மேஷன் (வேலையை உறுதிசெய்யும்) பேச்சில் வந்தது. அதற்குப் பிறகு பின்பெஞ்சில் யார் உட்கார்ந்தாலும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பின்பெஞ்சில் உட்காருபவர் கையில் என் வேலை இருந்தால் அவரிடம் நான் எதையும் மனம் திறந்து கேட்க மாட்டேன்.

மலைநாட்டு வரலாறு

நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. அதனால்தான் எங்களுக்கு மூன்று கட்டுப்பாடு. பார்ப்பவர் வேறு துறையாக இருக்க வேண்டும், உங்கள் சம்பளத்திலும் பதவி உயர்விலும் கை வைக்க முடியாதவராக இருக்க வேண்டும். தாள் வகுப்பெடுத்தவரிடமே போகும், நகல் கிடையாது. அப்புறம், நீங்கள் வந்து பார்த்தால் நானும் வந்து பார்ப்பேன், மூத்தவரானாலும் சரி. கடைசிக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் மற்ற இரண்டும் நிற்காது.

குப்பம் மொழியியல்

குப்பத்திலிருந்து ஒரு சிறு சேர்க்கை. ஆந்திரா, தமிழ்நாடு, கர்நாடகா மூன்றும் சந்திக்கிற ஊர் இது. 1997இல் வந்த திராவிடப் பல்கலைக்கழகமும் இங்கேதான். வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி, பாடநூலில் இன்னொன்று என்று வரும் பிள்ளைகள் எங்களுக்கும் உண்டு. சன்னல் ஓரத்து பெஞ்சு எங்கள் வகுப்பிலும் இருக்கிறது.

இரண்டு விதிகளை எல்லோரும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தேசியக் கல்விக் கொள்கை 2020, பத்தி 15.11: தேசிய மென்டரிங் மிஷன் அமைத்து, சிறந்த மூத்த, ஓய்வுபெற்ற ஆசிரியர்களைக் கொண்டு கல்லூரி ஆசிரியர்களுக்குத் துணை நிற்க வேண்டும், இந்திய மொழிகளில் கற்பிக்கக் கூடியவர்களும் அதில் இருக்க வேண்டும். எல்லைப்பகுதிக் கல்லூரிகளுக்கு இந்தக் கடைசிப் பகுதி முக்கியம். வகுப்பைப் பார்க்க வருபவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் கடைசி பெஞ்சில் பிள்ளைகள் தங்களுக்குள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதே அவருக்கு எட்டாது.

இன்னொன்று யு.ஜி.சி.யின் 2022 பிஎச்டி விதிமுறைகள். ஆய்வு மாணவர்கள் தங்கள் துறைசார்ந்த கற்பித்தலிலும் எழுத்திலும் பயிற்சி பெற வேண்டும். டியூட்டோரியல், லேப், மதிப்பீடு போன்றவற்றுக்கு வாரம் 4 முதல் 6 மணிநேரம் அவர்களை அமர்த்தலாம். இங்கே கைடாக இருப்பவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் மாணவரை டியூட்டோரியல் எடுக்கச் சொல்லிவிட்டு நீங்கள் அறைக்குப் போய்விடாதீர்கள். ஒரு நாளாவது உட்கார்ந்து பாருங்கள், வெளியே வந்து பத்து நிமிடம் பேசுங்கள். வேலையில் சேரும் நாளில் அவர் வெறுங்கையோடு போக மாட்டார்.

பனங்காட்டுப் பொருளியல்

மலைநாட்டு சாரின் கட்டத்தாளை நகலெடுத்து வைத்துக்கொண்டேன்.

ஒரு விஷயத்தில் எனக்கு மாற்றுக்கருத்து உண்டு. தோழர்கள் தாங்களாகச் செய்வதோடு நிற்கக் கூடாது. உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணிநேரம் நேரடி வகுப்பு. விடைத்தாள், லேப், என்.எஸ்.எஸ்., தேர்வுப்பணி எல்லாம் அதற்கு மேல். இதில் இன்னொருவர் வகுப்பில் போய் உட்கார நேரத்தை யார் தருவார்கள்? மனம் இருக்கிறவர்கள் தங்கள் டீ நேரத்தைக் கொடுப்பார்கள். அது பெரும்பாலும் இளையவர்களாகவும் பெண்களாகவும்தான் இருக்கும் என்று நாம் எல்லோருக்கும் தெரியும். டைம்டேபிளில் மாதம் ஒரு மணிநேரம் அதிகாரபூர்வமாக ஒதுக்க வேண்டும்.

வாளையார் மெக்கானிக்கல்

அதிகாரபூர்வம் என்றால் கோப்பு. கோப்பு என்றால் கல்லூரியின் உள்தர உறுதிக் குழுவான ஐ.க்யூ.ஏ.சி., அப்புறம் தரமதிப்பீட்டுக்கு வரும் நாக் குழு. நாக் படிவத்தில் மென்டருக்கு எத்தனை மாணவர் என்ற விகிதம் ஏற்கெனவே கேட்கிறார்கள். எல்லாக் கல்லூரியும் மாணவர் எண்ணிக்கையை ஆசிரியர் எண்ணிக்கையால் வகுத்துப் போடுகிறது. மென்டரும் பிள்ளையும் உட்கார்ந்து பேசினார்களா என்று அந்த விகிதத்தில் தெரியாது. வகுப்புப் பார்வைக்கும் அதே கதி வரும் என்பது என் பயம்.

ஓய்வுபெற்ற இயற்பியல்

இரண்டு பேர் சொல்வதையும் சேர்க்க முடியும். எந்த நாள், எந்த வகுப்பு, யார் யார் என்பது மட்டும் பதிவேட்டில் இருக்கட்டும். என்ன பேசினார்கள் என்பது அவர்களுக்குள். மணிநேரம் கணக்கில் வரும், வார்த்தை வராது.

குப்பம் தம்பி சொன்ன ஓய்வுபெற்றவர்கள் பட்டியலுக்கு யாரும் காத்திருக்க வேண்டாம். சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் என்றால் நான் வருகிறேன். என் கையில் யாருடைய பதவி உயர்வும் இல்லை, தமிழும் மலையாளமும் தெரியும், பகலில் வேலையும் இல்லை.

நம் பக்கத்துக்கு இது புதிதும் இல்லை. மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை திருவனந்தபுரத்துக் கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர். தனக்கு முன் அந்த இடத்தில் இருந்து தன்னை வளர்த்த பேராசிரியர் ஹார்வியின் நினைவாகத் தன் வீட்டுக்கே ஹார்விபுரம் என்று பெயர் வைத்தார். ஒரு மூத்தவர் தன் நாற்காலிக்கு அடுத்தவரைத் தயார் செய்வது அந்தக் கல்லூரியில் 19ஆம் நூற்றாண்டிலேயே நடந்திருக்கிறது.

மணிநேர ஆசிரியை

வகுப்பெடுப்பது பற்றியே பேச்சு போகிறது. மென்டரிங் பற்றி யாரும் தொடவில்லை. எனக்கு அதுதான் அதிகப் பயம்.

போன மாதம் இரண்டாம் வருடப் பெண் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். வருகை குறைந்தது ஏன் என்று கேட்கத்தான் கூப்பிட்டிருந்தேன். வீட்டில் கல்யாணப் பேச்சு, படிப்பை நிறுத்தச் சொல்கிறார்கள், அப்பாவிடம் பேச முடியுமா என்று கேட்டாள். நான் பேசலாமா? பேசினால் அவளுக்கு வீட்டில் தொல்லை கூடுமா? பேசாமல் விட்டால்? இதை யாரிடம் கேட்பது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

மலைநாட்டு வரலாறு

தங்கச்சி, இதைத் தனியாகச் சுமக்காதீர்கள். கல்லூரிக் கல்வித்துறையின் ‘ஜீவனி’ என்ற மாணவர் மனநலத் திட்டத்தில் உங்கள் கல்லூரிக்கு கவுன்சிலர் உண்டா என்று முதலில் பாருங்கள். அந்தப் பெண் சம்மதித்தால் நீங்களே கூட்டிக்கொண்டு போய் அறிமுகப்படுத்துங்கள். ‘அங்கே போ’ என்று அனுப்பினால் போக மாட்டார்கள்.

அப்பாவிடம் பேசுவதை அவளோடு சேர்ந்தே முடிவு செய்யுங்கள். வீட்டில் யார் சொன்னால் கேட்பார் என்று அவளுக்குத்தான் தெரியும். சில வீட்டில் மாமா, சில வீட்டில் பள்ளிக்கூடத்துப் பழைய டீச்சர். உங்கள் வேலை அவளைக் கேட்பது, வாக்குக் கொடுப்பது இல்லை. அவளுக்குப் பதினெட்டு ஆகிவிட்டதா என்று பாருங்கள். ஆகவில்லை என்றால், அல்லது அடி உதை என்று ஏதாவது தெரிந்தால் அது கல்லூரிக்குள் வைத்துக்கொள்ளும் விஷயமே இல்லை. உடனே முதல்வருக்குச் சொல்ல வேண்டும், குழந்தைகள் உதவி எண் 1098க்குக் கூப்பிட வேண்டும். பதினெட்டு தாண்டியவள் என்றால் பெண்கள் உதவி எண் 181.

ஒதுங்கி நிற்பவன்

இந்த மாதிரி விஷயங்களுக்குப் புதியவர்கள் ஒரு மேசையில் கூடிப் பேச வேண்டும். பெயர் சொல்லாமல், ஊர் சொல்லாமல், ‘இப்படி ஒரு பிள்ளை வந்தால் என்ன செய்வீர்கள்’ என்று. அதற்கு நான் வருவேன். வகுப்புப் பார்வைக்கு இன்னும் யோசனைதான்.

பனங்காட்டுப் பொருளியல்

அப்படியானால் இரண்டையும் தொடங்குவோம். மாதம் ஒரு சனிக்கிழமை சித்தூரில் கூடுவது. எந்தத் துறையும், எந்தக் கல்லூரியும், நிரந்தரமோ கெஸ்டோ. பெயர் சொல்லாமல் மென்டரிங் சிக்கல்கள், அதோடு ஐந்தாவது மாட்யூலுக்கு அவரவர் வகுத்த திட்டம் ஒன்று. வகுப்புப் பார்வை விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும், மலைநாட்டு சாரின் மூன்று கட்டுப்பாட்டோடு. எங்கள் முதல்வரிடம் கேட்டுவிட்டேன். பதிவேட்டில் நாளும் பெயரும் மட்டும் போதும் என்று ஒப்புக்கொண்டார். இயற்பியல் ஐயா, முதலில் என் வகுப்புக்கு வாருங்கள். செவ்வாய்க்கிழமை இரண்டாவது பீரியட், இரண்டாம் வருடம், பாடம் தேவை நெகிழ்ச்சி (விலை மாறினால் தேவை எவ்வளவு மாறும் என்பது). நான் கேள்வி கேட்ட பிறகு எவ்வளவு பொறுக்கிறேன் என்று மட்டும் பாருங்கள்.

ஓய்வுபெற்ற இயற்பியல்

வருகிறேன் மகளே. முன்னாலேயே உங்கள் பாடத்தைப் படித்துப் பார்த்துக்கொள்கிறேன், இரண்டு நாள் முன்னால் குறிப்பை அனுப்புங்கள். எனக்கும் வகுப்பெடுக்க ஒரு மணிநேரம் கொடுக்க முடியுமா என்று உங்கள் இயற்பியல் துறையில் கேளுங்கள், அதை நீங்கள் வந்து பார்க்க வேண்டும். கட்டுப்பாடு எல்லோருக்கும்தானே.

மணிநேர ஆசிரியை

அடுத்து என் வகுப்பு. வெள்ளிக்கிழமை நான்காவது பீரியட். இந்த செமஸ்டர் முடிவதற்குள் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த வருடம் நான் எந்தக் கல்லூரியில் இருப்பேன் என்று தெரியாது.